பேற்று மனைக்கு வெளியே நின்ற நோய்

கொழும்பில் மகளிர் மருத்துவம்: வரலாற்றுத் தொடர் – 12

கொழும்பில் மேல்நாட்டு மருத்துவம் பெண்ணின் உடலைப் பிள்ளைப்பேற்றின் வழியாகவே அறிந்துகொண்டது என்பதையும், 1879 இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் திறக்கப்பட்ட டி சொய்சா பேற்று மனை அதற்கு இடமளித்தது என்பதையும் இத்தொடரின் முந்தைய பகுதிகள் விளக்கின. அம்மனையில் மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதும், 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை நாடெங்கும் பரவி வீடு தேடிச் செல்லும் மருத்துவிச்சியை ஊருக்கு ஊர் கொண்டுவந்ததும், 1950 இல் பொரளையில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலை எழுந்ததும் பேற்றில் தாய் இறவாதிருக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தினாலாகும். 1930களின் நடுவில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000 இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்த நாட்டில் அதைவிட அவசரமான நோக்கம் வேறொன்று இருந்திருக்க முடியாது. மலேரியாவும் கொக்கிப்புழு நோயும் கருவுற்ற பெண்களை எவ்வாறு தாக்கின என்பதை ஆராய்ந்து ஜி. ஏ. டபிள்யூ. விக்கிரமசூரிய 1937 இல் வெளியிட்ட நூலும் அந்த அவசரத்திலிருந்து பிறந்ததே.

அந்த நோக்கம் தெற்காசியாவில் வேறெங்கும் காணாத அளவுக்கு இலங்கையில் நிறைவேறியது. ஆயினும் பிள்ளைப்பேற்றைச் சுற்றி அமைந்த மருத்துவம், பிள்ளைப்பேறு நிகழாத மாதங்களில் பெண்ணின் உடலுக்குள் நடப்பதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. தமிழில் மேல்நாட்டு மருத்துவம் எழுதப்பட்ட விதமும் இதையே காட்டுகிறது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பெண்களைப் பற்றித் தமிழாக்கி 1857 இல் வெளியிட்ட நூலின் பெயர் 'பிரசவ வைத்தியம்' என்பதாகும். அதற்கு முன்பே யாழ்ப்பாண அரசர் காலத்துச் சித்தமருத்துவ நூலான பரராசசேகரத்திலும் கெர்ப்பரோகம் தனிப் பகுதியாக இடம்பெற்றிருந்தது. மாதவிடாயோடு வரும் நோவைச் சித்தமருத்துவம் சூதகவலி என்று பெயரிட்டு அறிந்திருந்தது. ஆனால் சூதகம் என்ற அச்சொல்லே மாதவிடாயையும் தீட்டையும் ஒருங்கே குறித்தமையால், அந்த வலியைப் பற்றிய பேச்சு வீட்டின் பின்கட்டைத் தாண்டி வருவது அரிதாயிற்று.

இவ்விரு மருத்துவ மரபுகளுக்கும் இடையே நெடுங்காலம் பெயரின்றிக் கிடந்த நோயின் வரலாறே இப்பகுதியின் பொருள். எண்டோமெற்றியோசிஸ் என்று உலகெங்கும் அறியப்படும் அந்நோயைத் தமிழில் இடமகல் கருப்பை உட்படல நோய் எனலாம். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்படலம், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோனின் தூண்டுதலால் மாதந்தோறும் தடித்து, கரு தங்காதபோது உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. அதை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலின் மேலோ சிறுநீர்ப்பையிலோ, வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியுள்ள சுற்றுவிரி என்ற சவ்விலோ பற்றி வளர்வதே இந்நோய். அவ்விழையமும் ஓமோன்களுக்கு இணங்கித் தடிக்கிறது, கசிகிறது. ஆனால் கசிந்தது வெளியேற வழியில்லை. அதனால் சுற்றியுள்ள பகுதி அழற்சியுற்றுத் தழும்பாகி, ஒன்றோடொன்று வழுக்கி அசைய வேண்டிய உறுப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாயின்போது தாங்கமுடியாத வயிற்றுக்குத்து, நாரி நோ, மலங்கழிக்கையிலும் உடலுறவிலும் வலி, சிலரில் பிள்ளைப்பேறின்மை ஆகியன அதன் விளைவுகள். இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு, அதாவது உலகில் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது.

வியன்னாவிலிருந்து ஆல்பனி வரை

கருப்பை உட்படலத்தின் சுரப்பிகளை ஒத்த இழையம் இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதை நுணுக்குக்காட்டியின் கீழ் கண்டு 1860 இல் எழுதியவர், வியன்னாவின் நோயியல் அறிஞர் கார்ல் ரொக்கிட்டன்ஸ்கி ஆவார். பல்லாயிரம் உடல்களை அறுத்து ஆராய்ந்த அவர் அதைப் புதுவளர்ச்சிகளின் ஒரு வகையாகவே கருதினார்; உயிரோடிருக்கும் பெண்ணின் வலியோடு அதைத் தொடர்புபடுத்தும் தேவை அவருக்கு எழவில்லை. 1890களின் இறுதியில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் தோமஸ் கலன் கருப்பைத் தசையினுள் இத்தகைய இழையத்தைத் தேடி விவரித்தார்; அதே இடத்தில் டபிள்யூ. டபிள்யூ. ரசல் 1899 இல் சூலகத்தினுள் அதைக் கண்டார். இவ்விழையம் அங்கே எவ்வாறு வந்தது என்ற கேள்விக்கு, ஜெர்மனியின் ரொபேட் மேயர் உள்ளிட்டோர் அது வேறிடத்திலிருந்து வரவில்லை, அங்கிருந்த சவ்வே உருமாறியது என்று விடை கூறினர். கருவளர்ச்சியின் தொடக்கத்தில் சுற்றுவிரியும் கருப்பை உட்படலமும் ஒரே மூலக் கலங்களிலிருந்து தோன்றுவதால், பின்னாளில் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும் என்பது அவர்களது வாதமாகும்.

இக்கேள்வியைச் சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுவந்தவர், நியூயோர்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பணியாற்றிய ஜோன் சாம்ப்சன் என்ற மகளிர் நோய் நிபுணர் ஆவார். சூலகத்தில் தோன்றும் சில கட்டிகளை வெட்டும்போது, மாதக்கணக்காகத் தேங்கிக் கெட்டிப்பட்ட பழங்குருதி தார்போல் வழிந்தது; அதன் நிறத்தைக் கொண்டு அவை சொக்கலேற் கட்டிகள் எனப்பட்டன. அக்கட்டிகளின் சுவரில் எங்கே துளை விழுந்து குருதி கசிந்திருந்ததோ, அதையடுத்த உறுப்புகளிலேயே ஒட்டுக்களும் புதுப்புள்ளிகளும் அடர்ந்திருந்ததை 1921 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர், மற்றைய சத்திரசிகிச்சையாளர் தவிர்க்கும் மாதவிடாய் நாட்களையே தேர்ந்து வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பலோப்பியன் குழாய்களின் வெளிமுனையிலிருந்து மாதவிடாய்க் குருதி வயிற்றறைக்குள் சொட்டுவதையும், அதில் கருப்பை உட்படலத்தின் துணுக்குகள் இருப்பதையும் கண்டார். வெளியே செல்லவேண்டிய குருதியில் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து, அதிலுள்ள துணுக்குகள் விழுந்த இடத்தில் வேர்பிடிக்கின்றன என்பது 1927 இல் அவர் வகுத்த கொள்கையின் சாரம். நோய்க்கு எண்டோமெற்றியோசிஸ் என்ற பெயர் நிலைத்ததும் அவர் எழுத்துகளினாலேயே.

வியன்னாவில் ஜோசப் ஹல்பான் 1924 இல் மூன்றாவது விளக்கமொன்றை முன்வைத்தார். நிணநீர்க் குழாய்களின் வழியே அவ்விழையம் தொலைவிடங்களுக்குச் செல்லலாம் என்றார் அவர். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் இந்நோய் பற்றி, மாதவிடாய்தோறும் நுரையீரல் சுருங்கும் அரிய நிலையை விளக்க இத்தகைய கொள்கை தேவைப்படுகிறது. மறுபுறம், வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்த தழும்பினுள் கட்டியொன்று தோன்றி மாதந்தோறும் வீங்கி நோவதற்குச் சாம்ப்சனின் விதைப்புக் கொள்கையே பொருந்துகிறது. அங்கே துணுக்குகளை இடம்பெயர்ப்பது சத்திரசிகிச்சையாளரின் கத்தி. ஒரு நோய்க்கு மூன்று தோற்றக் கொள்கைகள் நூறாண்டாக ஒன்றையொன்று வெல்லாமல் நிலைப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் மற்றவை விளக்காத நோயாளர் சிலரை விளக்குவதேயாகும்.

குரங்குகள் கூறியதும் கூறாததும்

பின்னோக்கிப் பாயும் குருதியில் உள்ளவை இறந்த துணுக்குகள், அவை எங்ஙனம் வேர்பிடிக்கும் என்று சாம்ப்சனின் எதிர்ப்பாளர் கேட்டனர். அதற்குச் சோதனை வழியே விடை தேடி, ஜோன்ஸ் ஹொப்கின்சில் ரிச்சர்ட் டெலிண்டும் ரோஜர் ஸ்கொட்டும் மாதவிடாய் காணும் இயல்புடைய செம்முகக் குரங்குகளின் கருப்பையைத் திருப்பி, அதன் வாய் வயிற்றறைக்குள் திறக்குமாறு அமைத்தனர். மாதந்தோறும் குருதி வயிற்றினுள்ளேயே வடிந்த அக்குரங்குகளில் சிலவற்றுக்கு, காலம் செல்ல மனிதப் பெண்களில் காண்பதை ஒத்த நோய் தோன்றியதை 1950 இல் அவர்கள் அறிவித்தனர். அக்காலத்து அமெரிக்க ஆய்வுகூடங்களின் செம்முகக் குரங்குகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் சென்றவை. 1978 இல் மொரார்ஜி தேசாய் அரசு அவ்வேற்றுமதியைத் தடைசெய்யும்வரை மேல்நாட்டு மருத்துவ ஆய்வின் பெரும்பகுதி அவற்றின்மேல் நடந்தது.

சோதனை சாம்ப்சனுக்குச் சார்பாக அமைந்தபோதும், 'சில' குரங்குகளுக்கு மட்டுமே நோய் வந்தது என்பதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருந்தது. அக்கேள்வி 1984 இல் ஹால்மேயும் உடனாய்வாளரும் நடத்திய ஆய்வில் வெளிப்பட்டது. பலோப்பியன் குழாய்கள் அடைபடாத பெண்களில் 90 சதவீதத்தினரின் வயிற்றறைத் திரவத்தில் மாதவிடாய்க் காலத்தில் குருதி காணப்பட்டது. குருதி பின்னோக்கிப் பாய்வது ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் நிகழ்வதாயின், பத்தில் ஒருவருக்கு மட்டும் அது நோயாவது ஏன்? துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து, விழுந்த துணுக்கை உடல் ஏன் துப்புரவாக்கவில்லை என்பதற்கு ஆய்வின் கவனம் திரும்பியது. ஆனால் அதற்கு முன்பே மருத்துவ உலகம் வேறொரு விடையைப் பல்லாண்டுகள் நம்பியிருந்தது.

கலியாணம் என்ற மருந்து

பொஸ்டனில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மகளிர் நோய் நிபுணர் ஜோ மெய்க்ஸ், 1930களின் இறுதியிலிருந்து எழுதிய கட்டுரைகளில், வசதிபடைத்த பெண்கள் காலந்தாழ்த்தி மணம்புரிந்து பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதே இந்நோய்க்குக் காரணம் என்று வாதிட்டார். பருவமெய்தியவுடன் இணைசேரும் குரங்கை உவமை காட்டிய அவர், இளவயதில் மணமும் அடுத்தடுத்த பேறுகளும் இந்நோயைத் தடுக்கும் என்றார். 1953 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே மணவயதும் பிள்ளைப்பேறும் நோய்க்காரணமாக இடம்பெற்றன. அவருடைய தனியார் நோயாளர் மேல்தட்டினராகவும் வெள்ளையினத்தவராகவும் இருந்தமையால், இது அவ்வகைப் பெண்களின் நோய் என்ற எண்ணமும் பாடநூல்களில் ஊன்றியது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாதவிடாய் நாட்களில் சுருண்டு கிடக்கும் மகளுக்கு வீட்டுப் பெரியவர்கள் கூறும் 'கலியாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாய்ப் போகும்' என்ற ஆறுதலும், பொஸ்டன் பேராசிரியரின் அறிவுரையும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். இரண்டிலும் ஒரு துளி உண்மை உண்டு: கருவுற்றிருக்கும் மாதங்களிலும் பாலூட்டும் மாதங்களிலும் மாதவிடாய் நிற்பதால் வலியும் பலருக்கு ஓய்கிறது. ஆனால் மாதவிடாய் திரும்பும்போது வலியும் திரும்பலாம்; கர்ப்பம் இந்நோயைக் குணப்படுத்துவதில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் நிலைப்பாடு. கருவுறுதலையே கடினமாக்கும் ஒரு நோய்க்குக் கருவுறுதலை மருந்தாக விதித்ததிலிருந்த முரண்பாட்டைப் பொஸ்டனிலும் நீண்டகாலம் பெரிதுபடுத்தியவர் இல்லை.

இன எல்லையை உடைத்தவர் சிக்காகோவின் டொனால்ட் சற்மன் ஆவார். இடுப்பறையில் கிருமித்தொற்று என்று முடிவுகட்டப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள் பலருக்கு உண்மையில் இருந்தது எண்டோமெற்றியோசிஸ் என்பதை 1976 இல் அவர் காட்டினார். அந்நோய் அப்பெண்களிடம் இல்லை என்று நம்பப்பட்டதால் எவரும் தேடவில்லை. தேடாததால் அது காணப்படவில்லை. வெப்பமண்டல நாடுகளின் வைத்தியசாலைகளிலும் இடுப்பறை வலிக்குக் கிருமியையே முதற்காரணமாகக் கருதும் பழக்கம் வேரூன்றியிருந்ததை நோக்கினால், சிக்காகோவின் அப்பாடம் கொழும்புக்கும் உரியதே.

மெய்க்சின் ஒழுக்க உபதேசத்தைக் கழித்துவிட்டால் அவருடைய எண்ணிக்கையில் எஞ்சும் உண்மை ஒன்று இலங்கைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இலங்கைப் பெண்ணின் சராசரி மணவயது 1953 இல் 20.9 ஆக இருந்து 1981 இல் 24.4 ஆக உயர்ந்தது. ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1953 இல் 5.3 ஆக இருந்து 2016 இல் 2.2 ஆகக் குறைந்தது. இலவசக் கல்வியும் தாய் சேய் நல சேவையும் தந்த நன்மையே இம்மாற்றம். அதன் உடன்விளைவாக, பேறும் பாலூட்டலும் மாதவிடாயை நிறுத்திவைத்த ஆண்டுகள் சுருங்கி, மட்டக்குளியில் இன்று வாழும் ஒரு பெண் தன் பாட்டியைவிடப் பல மடங்கு மாதவிடாய்களைக் காண்கிறாள். மாதவிடாயின் எண்ணிக்கை கூடும்போது இந்நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. பேற்று மரணத்தை வென்ற சமுதாயம், பேறற்ற மாதங்களின் மருத்துவத்தையும் அதே வேகத்தில் வளர்த்திருக்க வேண்டியிருந்தது.

குளிசை, ஊசி, உதரநோக்கி

தோற்றக் கொள்கைகள் மாறமாறச் சிகிச்சையும் மாறியது. சாம்ப்சனின் காலத்தில் கத்தியே மருந்து: கட்டிகள் வெட்டப்பட்டன, நோய் முற்றியபோது கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. சூலகங்கள் போனால் ஈஸ்ட்ரோஜன் போகும், ஈஸ்ட்ரோஜன் போனால் இழையம் வாடும் என்ற தருக்கம் சரியானதாயினும், முப்பது வயதில் மாதவிடாய் முற்றாக நின்றுபோன பெண் எலும்புத் தேய்வையும் உடல் வெக்கையையும் பிள்ளையின்மையையும் விலையாகக் கொடுத்தாள்.

கர்ப்பத்தில் வலி ஓய்கிறது என்ற மெய்க்சின் அவதானத்தைப் பொஸ்டனின் இன்னொரு வைத்தியர் ரொபேட் கிஸ்னர் 1958 இல் வேறு விதமாகப் பயன்படுத்தினார். அக்காலத்தில் புதிதாக வந்த செயற்கைப் புரோஜெஸ்தரோன் வகை மருந்துகளை இடைவிடாது கொடுத்து மாதவிடாயை நிறுத்தினால், உடல் கருவுற்ற நிலையைப் போல நடந்துகொள்ளும் என்ற அடிப்படையில் அவர் வகுத்த முறைக்குப் பொய்க்கர்ப்பச் சிகிச்சை என்று பெயர். இவ்வகை மருந்தில் முதலாவதான எனோவிட் அமெரிக்காவில் 1957 இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கான மருந்தாகவே அனுமதி பெற்றது; கருத்தடை மருந்தாக அனுமதி பெற்றது 1960 இல்தான். கொழும்பில் வரலாறு தலைகீழாக அமைந்தது. 1953 இல் தொடங்கிய குடும்பத் திட்டமிடல் சங்கமும், அதன் முன்னோடிகளில் ஒருவரான மகப்பேற்று நிபுணர் சிவா சின்னத்தம்பி போன்றோரும் கருத்தடையைப் பெண்களுக்கு எட்டச்செய்தபோது, அக்குளிசை குடும்பக் கட்டுப்பாட்டின் அடையாளமாகவே அறிமுகமாயிற்று. 1970களில் 'மித்துரி' என்ற பெயரில் மருந்துக்கடைகளுக்கு வந்தபோதும் அப்படியே. அதனால்தான் அதே வகைக் குளிசையை உயர்தர வகுப்பில் படிக்கும் மணமாகாத பிள்ளைக்கு வலி நிவாரணியாக எழுதிக் கொடுக்கும்போது, 'இது பிள்ளை பிறக்காமல் இருக்கக் குடிக்கிறதல்லவா' என்று தாய்மார் தயங்குகிறார்கள். மருந்தின் வேதியியலைவிட அது வந்த வழியின் வரலாறு வலியதாயிருப்பதற்கு இது ஓர் உதாரணம்.

1970களில் டனசோல் என்ற மருந்து வந்தது. ஆண் ஓமோனை ஒத்த அம்மருந்து ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்தி நோயை அடக்கியது. ஆனால் முகத்தில் மயிர் வளர்ச்சியும் குரல் தடிப்பும் எடை கூடுதலும் பலரைப் பாதியில் நிறுத்தச் செய்தன. மூளையின் பரிவகக்கீழ் என்ற பகுதி சுரக்கும் சிறு ஓமோன் ஒன்றே கபச்சுரப்பியின் வழியாகச் சூலகங்களை இயக்குகிறது. அதன் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக அன்ட்ரூ ஷாலியும் ரொஜே கில்மனும் 1977 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். விட்டுவிட்டுச் சுரக்கவேண்டிய அவ்வோமோனின் போலியை இடைவிடாது செலுத்தினால் கபச்சுரப்பி சோர்ந்து சூலகங்கள் உறங்கிவிடும் என்ற வியப்பான உண்மையிலிருந்து, மாதமொருமுறை போடும் ஊசி பிறந்தது. எலும்பு தேயாதிருக்கச் சிறிதளவு ஓமோனை மீளச் சேர்த்துக் கொடுக்கும் முறையும் அதனோடு வளர்ந்தது. தினமும் 2 மில்லிகிராம் எடுக்கும் டயனோஜெஸ்ட் கிஸ்னரின் வழியிலும், 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலகோலிக்ஸ் இவ்வழியிலும் வந்த பிற்கால மருந்துகள். இவை யாவும் நோயை உறங்கவைப்பவையே. மருந்து நின்றால் அது விழிக்கக்கூடும். இவற்றுள் பெரும்பாலானவை எடுக்கும் காலத்தில் கருத்தரிப்புக்கு இடமில்லை என்பதால், பிள்ளை வேண்டுவோர்க்கு வழி வேறாகிறது.

அவ்வழியைத் திறந்தது உதரநோக்கி, அதாவது லப்பறஸ்கொப்பி. தொப்புளருகே சிறு துளையிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றறையை உப்பச்செய்து, ஒளிபாய்ச்சும் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி உள்ளே பார்க்கும் இம்முறையைப் பாரிசில் ரவுல் பால்மரும் இங்கிலாந்தில் பற்றிக் ஸ்டெப்டோவும் மகளிர் மருத்துவத்தில் வளர்த்தனர். குழாயின் முனையில் தெரிவது ஒரே தோற்றமன்று: ஈரச் சவ்வின்மேல் அடுப்புக்கரித் தூள் சிதறியது போன்ற கரும்புள்ளிகள் ஓரிடத்தில், தீநாக்குப் போன்ற செம்புள்ளிகள் இன்னோரிடத்தில், பழைய தழும்பின் வெண்மை வேறோரிடத்தில்; கருப்பையின் பின்புறத்தில் குடல் ஒட்டிக் கிடக்கலாம். இப்புள்ளிகளைச் சுட்டும் வெட்டியும் அகற்றுவது, தொடக்கநிலை நோயுடைய பெண்களின் கருவுறும் வாய்ப்பைக் கூட்டுவதை 1997 இல் கனடாவில் நடந்த ஆய்வு காட்டியது. அதே கருவியால் சூலகத்திலிருந்து முட்டையை எடுத்தே ஸ்டெப்டோவும் ரொபேட் எட்வேட்சும் 1978 இல் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தையின் பிறப்புக்கு வழிசெய்தனர்.

உதரநோக்கி ஒரு புதிரையும் கொணர்ந்தது. நோயை நான்கு நிலைகளாக வகுத்த அட்டவணைகள் 1979 முதல் புழங்கின. ஆனால் முதல்நிலைப் புள்ளிகள் சிலவே உள்ள ஒருத்தி வேலைக்குப் போகமுடியாமல் துடிக்க, உறுப்புகள் யாவும் ஒட்டிய நான்காம் நிலையிலுள்ள இன்னொருத்தி பிள்ளையின்மைக்காகச் சோதிக்கப்படும்வரை ஏதும் அறியாதிருந்தாள். கண்ணுக்குத் தெரியும் நோயின் பரப்பும் பெண் உணரும் நோவும் ஒத்துப்போகவில்லை என்பதே, நோய்க்காரணத்தைக் கலங்களின் உள்ளே தேடத் தூண்டியது.

ஏன் வேர்பிடிக்கிறது?

கடந்த நாற்பதாண்டு ஆய்வுகள் நான்கு தடயங்களைத் தந்துள்ளன. முதலாவது நோயெதிர்ப்பு. வயிற்றறையில் அன்னியப் பொருள்களை விழுங்கித் துப்புரவாக்கும் பெருவிழுங்கிக் கலங்கள், இந்நோயுள்ளோரில் துணுக்குகளை அழிப்பதற்கு மாறாக, புண்ணாற்றும் வேலையைத் தவறாகத் தொடங்கி அவற்றுக்குப் புதிய குருதிக்குழாய்களை வளர்த்துக் கொடுக்கின்றன.

இரண்டாவது ஓமோன். செர்டார் புலுன் முதலானோர் 1990களில் காட்டியபடி, இடம்பெயர்ந்த இழையம் சூலகத்தின் ஈஸ்ட்ரோஜனை மட்டும் நம்பியிருக்கவில்லை. அரோமற்றேஸ் என்ற நொதியத்தைக் கொண்டு தானே ஈஸ்ட்ரோஜனை ஆக்குகிறது. அது புரஸ்டகிளாண்டின் என்ற அழற்சிப் பொருளைத் தூண்ட, புரஸ்டகிளாண்டின் மீண்டும் அந்நொதியத்தைத் தூண்ட, ஒன்றையொன்று வளர்க்கும் சுழலொன்று உருவாகிறது. வளர்ச்சியை அடக்கவேண்டிய புரோஜெஸ்தரோனுக்கு அவ்விழையம் செவிசாய்ப்பதுமில்லை. கிஸ்னரின் வழிவந்த மருந்துகள் சிலருக்குப் பயன்தராததன் காரணத்தை இது விளக்குகிறது.

மூன்றாவது நரம்பு. இப்புள்ளிகளுக்குள் மெல்லிய நரம்பிழைகள் வளர்ந்து நுழைவதும், நீண்டகால வலி முள்ளந்தண்டையும் மூளையையும் கூருணர்வுடையனவாக்குவதும் கண்டறியப்பட்டுள்ளன. புள்ளிகளை அகற்றிய பின்னும் வலி எஞ்சும் பெண்களை இனி 'பாசாங்கு' என்று ஒதுக்கிவிட முடியாது.

நான்காவது பரம்பரை. அவுஸ்திரேலிய இரட்டையர் ஆய்வு, இந்நோய்க்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவதாக 1999 இல் கணித்தது. ஒக்ஸ்போர்ட்டின் கிரினா சொண்டர்வான் உள்ளிட்ட பன்னாட்டு அணி 60,000 இற்கும் மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய 42 மரபணுப் பகுதிகளை 2023 இல் வெளியிட்டது. அவற்றுட் சில, ஒற்றைத்தலைவலி முதலிய பிற வலிநோய்களோடும் பகிரப்படுவன. 2017 இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆழ ஊடுருவிய நோயுடைய 24 பெண்களுள் 19 பேரின் புள்ளிகளில் பிறந்தபின் ஏற்பட்ட மரபணு மாற்றங்கள் இருந்தன. சிலரிடம் காணப்பட்டவை புற்றுநோயில் அறியப்பட்ட மாற்றங்கள். அந்நோய் புற்றாக மாறுவது மிக அரிதாயினும், அது புற்றைப் போல் பரவி ஒட்டும் இயல்புக்கு இது ஒரு விளக்கமாகலாம். இந்நான்குக்கும் அப்பால், 2023 இல் ஜப்பானின் நகோயாவில், நோயுடையோரில் 64 சதவீதத்தினரின் கருப்பை உட்படலத்தில் பியூசோபக்றீரியம் என்ற கிருமி கண்டறியப்பட்டது. எலிகளில் கிருமியெதிர் மருந்து புள்ளிகளைக் குறைத்தது. மனிதரில் அது பயன்தருமா என்பது சோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்கிறது.

2023 இன் அம்மரபணு ஆய்வு ஐரோப்பிய, கிழக்காசிய வழித்தோன்றல் பெண்களை அடிப்படையாகக் கொண்டது. தெற்காசியப் பெண்களின் மரபணுவிலும் இதைத் தேடும் பணியை மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் இந்திய ஆய்வாளர் தொடங்கியுள்ளனர்.

மட்டக்குளியிலிருந்து கின்சி வீதி வரை

களனி கங்கை கடலோடு சேரும் மட்டக்குளியிலிருந்து, டி சொய்சா வைத்தியசாலை நிற்கும் கின்சி வீதி அரைநாட் பயணத் தொலைவிலும் இல்லை. சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. ஆயினும் இந்நோயுடைய பெண் அங்கே வந்துசேர ஆண்டுகள் செல்கின்றன. உலகெங்கும் வலி தொடங்கியதிலிருந்து நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை செல்லும் காலம் 4 முதல் 12 ஆண்டுகள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதலில் வீட்டில் வெந்நீர்ப் போத்தலும் பெருங்காயமும் வெந்தயமும், பின்னர் தெருமுனை டிஸ்பென்சரியில் வலிக்குளிசை, அதன்பின் ஸ்கான். சூலகத்தின் சொக்கலேற் கட்டி ஸ்கானில் தெரியும். சவ்வின்மேற் சிதறிய புள்ளிகள் தெரியா. எனவே 'ஸ்கானில் ஒன்றும் இல்லை' என்ற விடை பலவேளை நோயின்மைக்குச் சான்றன்று. அச்சொற்களைக் கேட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு அதை விளக்குவோர் குறைவு. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 இல் தன் வழிகாட்டியைத் திருத்தி, உதரநோக்கியால் கண்டு உறுதிசெய்யும்வரை காத்திராமல் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றது; சத்திரசிகிச்சைக்கு நீண்ட வரிசை உள்ள நாடுகளுக்கு அம்மாற்றம் பெரும் பயனுடையது.

இலங்கை 1996 இல் சுகவனிதையர் கிளினிக்குகளைத் தொடங்கியபோது, பேற்றுக்கு அப்பாலும் பெண்ணின் உடலைக் கவனிக்கும் முதற் பெருமுயற்சி அரங்கேறியது. ஆனால் அது மார்பகத்திலும் கருப்பைக் கழுத்திலும் புற்றையும், குருதியமுக்கத்தையும், நீரிழிவையும் தேடுவதற்காக 35 வயதை மையமாகக் கொண்டு அமைந்தது. எண்டோமெற்றியோசிஸ் பெரும்பாலும் பாடசாலை நாட்களிலேயே வலியாகத் தொடங்குவது. சாமத்தியச் சடங்குக்குப் பின் சில ஆண்டுகளில், மாதம் இரண்டு நாள் வகுப்புக்கு வராத பிள்ளையின் வரவுப் பதிவேட்டிலேயே அதன் முதல் தடயம் இருக்கிறது.

பேற்றுக் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, கடைசி மாதவிடாய் எந்தத் திகதி என்பதாகும். அத்திகதியிலிருந்தே பிள்ளை பிறக்கும் நாள் கணக்கிடப்பட்டு, கிளினிக் கொப்பியின் தலைப்பில் எழுதப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டாக இந்நகரின் மருத்துவம் மாதவிடாயைப் பற்றி இத்தனை ஒழுங்காகக் கேட்ட கேள்வி வேறில்லை. அது தாய்மாரின் உயிரையும் காத்தது. அத்திகதிக்கு அடுத்த வரியில், அந்நாட்களில் பாடசாலைக்கோ வேலைக்கோ போகமுடிந்ததா என்ற இன்னொரு கேள்வியும் சேருமாயின், அதற்குப் புதிய கருவியோ பணமோ வேண்டியதில்லை. பெண் கர்ப்பிணியாக வரும் நாள்வரை காத்திராமல், பாடசாலைச் சுகாதாரப் பரிசோதனையிலேயே அதைக் கேட்கவும் முடியும்.

பிள்ளையின்மைக்காக வைத்தியரை நாடிய கொழும்புப் பெண்களின் வரலாற்றை அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)